அறுபதடி ஆறங்குலம்

ஒரு கை, தான் பார்த்த வேலையை மறந்துபோகுமா, நீங்களே சொல்லுங்கள்? ஆள் மறக்கலாம், அது வேறு. அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு மாடியில் காயும் துணியை எடுக்கப் போகிற ஆள்தான் சங்கரேஸ்வரி. வாரத்துக்கு ஒரு தடவையாவது பால் பொங்கி அடுப்பு அணையும், அவளும் சிரித்துக்கொண்டே துடைத்துவிடுவாள். ஆனால் கை? தோளிலிருந்து இரண்டு விரல் நுனி வரைக்கும் பத்து வருஷம் ஒரே வேலைக்குப் பழக்கி வைத்திருந்த வலது கை, ஆறு வருஷம் அந்த வேலையைத் தொடாமலே இருந்துவிட்டால்? இந்தக் கேள்வியை மனசில் போட்டு உருட்டிக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணி வெயிலில், பொருட்காட்சித் திடலில், டம்ளர் அடிக்கிற கடைக்கு முன்னால் அவள் வரிசையில் நின்றாள். இடது இடுப்பில் நாலரை வயது சஷ்டிகா, இனி ஓரடிகூட நடக்க மாட்டேன் என்று ஏறி உட்கார்ந்திருந்தாள். முன்னால் புருஷன் ரத்தினவேல், கையில் சீட்டு. அவனுக்கு முன்னால் ஏழு பேர். கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மேஜை, அதற்கு அந்தப்பக்கம் ஒரு பலகை, பலகையில் கீழே மூன்று, நடுவில் இரண்டு, உச்சியில் ஒன்று என்று ஆறு அலுமினிய டம்ளர், பின்னால் நீலப் படுதா. மூன்று பந்தில் ஆறையும் பலகையைவிட்டுக் கீழே தள்ளினால், கயிற்றில் தொங்குகிற மஞ்சள் கரடி நமக்கு. அரை மணி நேரத்துக்கு முன்னால் ரத்தினவேல் ஒரு தடவை எறிந்து தோற்றாயிற்று. சஷ்டிகா தரையில் உட்கார்ந்து அழுததில் இரண்டாவது சீட்டு வாங்கி, மறுபடியும் வரிசையின் வாலில் வந்து நின்றிருக்கிறார்கள். "போன தடவை வெயில் கண்ணுல அடிச்சிருச்சுடா தங்கம், இப்பப் பாரு, அப்பா ஒரே அடி," என்றான் அவன். வெயில் அப்போதும் அவன் முதுகுப் பக்கம்தான் இருந்தது.

அவன் ஏன் தவறவிட்டான் என்று சங்கரேஸ்வரிக்குத் தெரியும், அதுதான் தொந்தரவு. எல்லோரும் உச்சி டம்ளரைப் பார்த்து எறிகிறார்கள். கண் அங்கேதான் போகும்; தனியாக நிற்கிறதல்லவா. அடித்தால் அது மட்டும் ணங்கென்று பறக்கும், மற்ற ஐந்தும் சம்பந்தி வீட்டார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். கண்ணை ஒரு பொருள்மேல் வைக்கிறவர்களுக்கு வருகிற வினை இது என்று அவள் நினைத்தாள். கிரிக்கெட்டில் மூன்று குச்சி இருக்கிறது, அதைப் பார்த்துப் போடலாம், ஓடி வந்து வேறு போடலாம். பேஸ்பாலில் பந்து எறிகிறவளுக்கு ஓட இடமும் கிடையாது, பார்க்கப் பொருளும் கிடையாது. ஒரு மண்மேட்டில் நின்ற இடத்தில் நின்று, மட்டைக்காரியின் முழங்காலுக்கு மேலே நெஞ்சுக்குக் கீழே, காற்றில் இல்லாத ஒரு ஜன்னலுக்குள் எறிய வேண்டும். ஜன்னல் அங்கே இருக்கிறதா, பந்து அதற்குள் போனதா என்பதைப் பின்னால் குனிந்து நிற்கிற நடுவர் சொல்வார். அவர் சொன்னால் சொன்னதுதான். ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து எறிகிற ஆட்டம் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது? இதைக் கல்யாணமான புதிதில் ஒரு தடவை ரத்தினவேலிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப நடுவரைச் சரிக்கட்டினா சோலி முடிஞ்சது," என்றான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "பேஸ்பால்னா கூடையில போடுறதுதானே?" என்று கேட்டவன். அன்றைக்குச் சேலை இறுக்கிக் கட்டியிருந்த புழுக்கத்தில், விளக்கப் பொறுமையில்லாமல், ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். அதனால் அவள் மாமியார், "எங்க மருமக நல்லாக் கூடையில பந்து போடுவா" என்று தெரு முழுக்கச் சொல்லி, அது இன்றைக்கு வரைக்கும் அப்படியே நிற்கிறது. அவளும் திருத்தவில்லை. திருத்தி என்ன ஆகப்போகிறது? கூடையில் போட்டால் என்ன, ஜன்னலுக்குள் போட்டால் என்ன, பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவளிடம் வந்து யார் கேட்கப்போகிறார்கள்.

வரிசை ஓரடி நகர்ந்தது. காலேஜ் பையன்கள் மூன்று பேர் ஒருவனை முன்னால் தள்ளினார்கள். "டேய் மாப்ள, அது டம்ளர்டா, உன் ஆளு இல்ல, பயப்படாமப் பாத்து அடி!" அவன் எறிந்தான், உச்சி டம்ளர் பறந்தது, ஐந்து நின்றது. அடுத்ததும் நடுவில் ஒன்றைத் தட்டிவிட்டு ஓடிப்போனது. கடைக்காரர் கழுத்தில் மாட்டின மைக்கில், "தம்பிக்கு ஒரு டீ குடுங்கப்பா, கை நடுங்குது!" என்றார். சஷ்டிகா சிரித்தாள். சிரித்தபோது அவள் வயிறு அம்மாவின் விலாவில் குலுங்கியது. கனமாகத்தான் இருக்கிறாள், போன மாசத்துக்கு இந்த மாசம் இன்னும் கனம். எப்போதும் இடது இடுப்பு. பிள்ளை பிறந்த நாளிலிருந்தே இடதுபக்கம்தான் தூக்குகிறாள், வலது கையை எதற்கோ ஒதுக்கிவைக்கிறவள் மாதிரி. எதற்கு? தையல் மிஷினுக்குத் துணி தள்ள, ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாக உள்ளே கொண்டுபோக, தோசை வார்க்க. நியாயமாகப் பார்த்தால் இந்தக் கை ஒரு நாளும் ஓய்வெடுத்ததில்லை, வேலைதான் மாறியிருக்கிறது. ஓய்வுபெற்ற ஆட்டக்காரி என்று பேப்பரில் போடுவார்களே, அது பெரிய ஆட்களுக்கு. இவளைப் பற்றிப் பேப்பரில் ஒரு தடவைதான் வந்தது, அதுவும் பெயரைச் சங்கரலட்சுமி என்று போட்டிருந்தார்கள்.

அந்த நாளில் இவள் எறிகிற பந்தைப் பிடித்த ஜெசிந்தா இருந்தால் இந்நேரம் என்ன செய்வாள்? வரிசையை மதிக்கவே மாட்டாள். நேரே போய் மேஜைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, டம்ளரை ஒரு பார்வை பார்த்து, தொடைக்கு நடுவில் இரண்டு விரலைக் கீழ்நோக்கிக் காட்டுவாள். கீழே எறி என்று அர்த்தம். ஆறு வருஷம் அந்த விரல் காட்டின இடத்துக்குத்தான் சங்கரேஸ்வரி எறிந்தாள். மண்மேட்டில் நிற்கிறவள் உயரமாகத் தெரிவாள், எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள், கைதட்டுவார்கள். ஆனால் ஆட்டத்தை நடத்துகிறவள் முகமூடி போட்டுக்கொண்டு புழுதியில் குந்தியிருக்கிறவள்தான். எத்தனை மட்டைக்காரி பல்லைக் கடித்தாலும் அவள் பந்தைப் பிடிக்கிற கிளவுஸை ஒரு இஞ்ச் அசைக்க மாட்டாள். சங்கரேஸ்வரிக்கு இதில் இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது. திருடுவதற்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்திருக்கிற ஆட்டம் அது. மைதானத்தில் நாலு மூலைக்கும் பேஸ் என்று பெயர், நாலையும் சுற்றி வந்தால் ஒரு ரன். எறிகிறவள் அசந்தால் முதல் பேஸில் நிற்கிறவள் இரண்டாம் பேஸுக்குத் திருட்டுத்தனமாக ஓடலாம், ஓடினவளைப் பாராட்டுவார்கள். அதைப் பிடிக்கிற போலீஸும் ஜெசிந்தாதான். உட்கார்ந்த வாக்கில் எழுந்து, இவள் காதை உரசிக்கொண்டு இரண்டாம் பேஸுக்கு எறிவாள். "குனியலைன்னா செத்தடி," என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். இப்போது திருச்சியில் ரயில்வேயில் இருக்கிறாள், இரண்டு பையன்கள், போனில் கூப்பிட்டால் இன்னும் அதே கத்தல்.

பள்ளிக்கூட மைதானத்துக்கு அளவு எடுத்ததும் அவர்கள் இரண்டு பேரும்தான். அதை நினைத்தாலே சங்கரேஸ்வரிக்கு இத்தனை பேருக்கு நடுவிலும் சிரிப்பு முட்டியது, சஷ்டிகா திரும்பி, "என்னம்மா?" என்றாள், "ஒண்ணுமில்லடா" என்றாள். அந்த வருஷம் பி.டி. டீச்சர் பிரசவ லீவில் போய்விட்டார். ஒரு மட்டை, மூன்று கிளவுஸ், நாலு பந்து, விதிகளைத் தமிழில் டைப் அடித்த இரண்டு தாள், இவ்வளவுதான் பள்ளிக்கூடத்துக்கு வந்த பேஸ்பால். மட்டைக்காரி நிற்கிற இடத்தில் பதிக்கிற தட்டை, லாரி டயரின் ரப்பரில் அவர்களே வெட்டினார்கள். சின்னப் பிள்ளை வரைகிற வீடு மாதிரி ஐந்து மூலை. கீழ்ப்பக்கம் நேர்கோடு, மேல்பக்கம் கூம்பு. நேர்கோடு எறிகிறவளைப் பார்த்து இருக்கும், கூம்பு பிடிக்கிறவளைப் பார்த்து இருக்கும். தட்டிலிருந்து எறிகிற இடத்துக்கு அறுபதடி ஆறங்குலம் என்று தாளில் இருந்தது. தட்டில் எந்தப் பக்கமிருந்து என்று இல்லை. இருந்திருக்கலாம், தாளின் ஓரம் கிழிந்திருந்தது. வீட்டை அளக்கிறவர்கள் வாசல்படியிலிருந்துதானே அளப்பார்கள்? நேர்கோட்டில் டேப்பை வைத்து ஜெசிந்தா பிடித்துக்கொள்ள, இவள் இழுத்துக்கொண்டே போய் அறுபதடி ஆறங்குலத்தில் குச்சி நட்டாள். மூன்று வருஷம் அந்தக் குச்சியிலிருந்து எறிந்தாள். மழையில் நனைந்து தையல் பிரிந்த பந்தைக் கோணி ஊசியால் தைத்துத் தைத்து எறிந்தாள். சுற்றுவட்டாரத்தில் இன்னும் இரண்டு பள்ளிக்கூடம் இவர்களைப் பார்த்து அதே மாதிரி அளந்துகொண்டது, ஆகையால் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

மாநிலப் போட்டியில்தான் விடிந்தது. கோயம்புத்தூர், ஒரு காலேஜ் மைதானம், புல்லைப் பார்த்தே பாதிப் பேர் வாயைப் பிளந்துவிட்டார்கள். முதல் பந்து, உயரம். இரண்டாவது, உயரம். நாலு பந்து ஜன்னலுக்கு வெளியே போனால் எதிராளி மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா நடந்துபோய் முதல் பேஸில் நிற்கலாம், அது சட்டம். ஒருத்தி நடந்தாள். இன்னொருத்தி நடந்தாள். கோயில் சுற்றுகிற மாதிரி வரிசையாக நடந்தார்கள், நாலு ரன் போயிற்று. ஜெசிந்தா முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மேட்டுக்கு வந்தாள். "ஏண்டி, எல்லாத்தையும் மாடிக்கு எறியிற? மாடியில யாருடி குடியிருக்கா?" "நான் எப்பவும் போலத்தான்டி எறியிறேன். தட்டு கிட்ட வந்த மாதிரி இருக்கு." "எனக்கும்தாண்டி நீ பெருசாத் தெரியிற." நேரே நடுவரிடம் போய், "சார், உங்க கிரவுண்டு அளவு தப்பு சார்," என்றாள் ஜெசிந்தா. அந்தத் தைரியம் யாருக்கு வரும்? நரைத்த மீசை நடுவர் கோபப்படாமல் டேப்பைக் கொண்டுவரச் சொன்னார். கூம்பு முனையில் வைத்தார். "சார், ஏன் சார் அங்கேயிருந்து அளக்கிறீங்க?" "வேற எங்கேயிருந்தும்மா அளப்பாங்க?" அவ்வளவுதான். நேர்கோட்டுக்கும் கூம்புக்கும் நடுவில் பதினேழு அங்குலம். மூன்று வருஷமாகப் பதினேழு அங்குலம் தள்ளி நின்று எறிந்திருக்கிறார்கள். சரியான தூரத்துக்கு வந்ததும் பந்து மூன்று விரல் கூடுதல் உயரத்தில் போகிறது. ஜெசிந்தா மேட்டிலேயே உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் எதிர் அணிப் பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். சங்கரேஸ்வரிக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, அதற்குள் கை பந்தைக் கேட்டது. கண்ணை மூன்று விரல் இறக்கினாள். அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் பந்தைத் தொட்டவர்கள் இரண்டே பேர். நாலுக்கு மூன்று என்று தோற்றார்கள். ஆனால் மறு மாசம் மாநில அணிக்கு இரண்டு பேருக்கும் கடுதாசி வந்தது. தப்பான இடத்தில் நின்றதால்தான் கைக்கு அந்த வேகம் வந்தது என்று இன்றைக்கும் அவள் நினைக்கிறாள், யார் வந்து மறுத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டாள். அந்த ஆட்டத்தில் ஸ்கோர் போர்டில் ரன்னை எழுதுகிற மாதிரியே தப்பையும் எழுதுவார்கள், இந்த அணி மூன்று தப்பு, அந்த அணி ஒரு தப்பு என்று ஊரறியப் பெரிய எழுத்தில். எழுதிவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விடுவார்கள். குடும்பத்திலும் அப்படி ஒரு பலகை இருந்தால் எத்தனை பேச்சு மிச்சம்! இவளுடைய பலகையில் என்ன எழுதியிருக்கும்? பால் பொங்கவிட்டது. அளவு தப்பாகத் தைத்த இரண்டு சட்டை. அப்புறம்.

அப்புறம் அந்தப் பொய்.

வரிசை இரண்டு பேர் நகர்ந்தது. ரத்தினவேல் தோளைச் சுழற்றி, கையை உதறி, பெரிய பந்துவீச்சுக்காரன் மாதிரி தயாரானான். அந்தத் தோளைச் சுழற்றுகிறதைப் பார்த்ததும் இவள் தோளுக்குள் ஏதோ கூசியது. ஒரு பயிற்சி முகாமில், மத்தியானம் மூன்று மணிக்கு, எந்த விசேஷமும் இல்லாத ஒரு பந்தை எறியும்போது மூட்டு நழுவியது. மேஜை இழுப்பறை சத்தமில்லாமல் திறந்துகொள்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். வலி அதற்குப் பிறகுதான் வந்தது. டாக்டர் இழுத்து உள்ளே போட்டார், கட்டுப் போட்டார், நாலு மாசம் ரப்பர் பட்டையை இழுத்து இழுத்துப் பயிற்சி. கடைசி நாள் டாக்டர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாச் சேந்திருச்சும்மா, இனிமே எறியலாம், எடுத்தவுடனே வேகம் வேணாம்," என்றார். எறியலாம் என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது அம்மா கேட்டாள், என்ன சொன்னார் டாக்டர்? "இனிமே எறியக் கூடாதுன்னுட்டாரும்மா." வாய் தானாகச் சொன்னது. அம்மா அழுதாள், ஜெசிந்தா போனில் அழுதாள், கல்யாணப் பேச்சு நடந்தபோது ரத்தினவேல் வீட்டிலும் இதே கதை போயிற்று, பாவம் பிள்ளை என்றார்கள். ஏன் சொன்னாள்? இதை யோசிக்கப் போனால் நூல் சிக்கிக்கொள்கிற மாதிரி அங்கேயே நின்றுவிடும். எறிந்து பார்த்து, அது பழைய கையாக இல்லாமல் போனால்? கீழே எறி என்று ஜெசிந்தா விரல் காட்டி, இவள் எறிந்து, பந்து தன் பாட்டுக்கு எங்கேயோ போனால்? எறியாத வரைக்கும் கை அப்படியே இருக்கிறது. பெட்டிக்குள் மடித்துவைத்த பட்டுச்சேலை மாதிரி. பிரித்தால்தானே மடிப்பில் இழை விட்டிருப்பது தெரியும். டாக்டர் சொல்லிவிட்டார் என்றால் யாருக்கும் கேள்வியில்லை, தனக்கும் கேள்வியில்லை. ஆறு வருஷம் அதை நம்பியே வாழ்ந்தாயிற்று, நன்றாகத்தான் வாழ்ந்தாயிற்று. ரத்தினவேல் நல்லவன், சிவகாசி அச்சாபீசில் பேப்பர் வெட்டுகிற மிஷினில் நிற்கிறான், சாயங்காலம் வந்ததும் பிள்ளையை வாங்கிக்கொள்வான், குழம்பு உப்புக் குறைந்தால் சொல்லாமல் போட்டுக்கொள்வான். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். சந்தோஷத்துக்கும் இந்தக் கைக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லாத இடத்தில் ஏன் இப்படி அரிக்கிறது? இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவன் காதில், கீழ்வரிசையில் இரண்டு டம்ளர் ஒட்டுகிற இடத்தைப் பார்த்து எறியுங்க என்று சொல்லிவிடலாம். சொன்னால் கரடி வரும், பிள்ளை சிரிக்கும், வீட்டுக்குப் போய்விடலாம். எறியாத வரைக்கும் கை அப்படியே இருக்கும். ஆனால் தூரத்தைப் பார். மேஜையிலிருந்து பலகைக்குப் பதிமூன்றடி இருக்குமா? பன்னிரண்டரை. அது பாட்டுக்குக் கண் அளந்துகொண்டிருந்தது, கேட்காமலே. சீ, சும்மா இரு என்று கண்ணைக் கரடிமேல் வைத்தாள். அது டம்ளர்மேலேயே வந்து நின்றது.

முன்னால் நின்ற மீசைக்காரர் மூன்று பந்தையும் விட்டுவிட்டு, "டம்ளரை ஆணி அடிச்சு வச்சிருக்கான்யா" என்று முனகிக்கொண்டே போனார். மேஜைக்கு வந்தாயிற்று. கடைக்காரர் ரத்தினவேலைப் பார்த்ததும் மைக்கை வாயருகே இழுத்தார். "அண்ணே, மறுபடியும் நீங்கதானா? கரடி உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு!" வரிசையே சிரித்தது, ரத்தினவேலும் சிரித்தான். சீட்டை நீட்டினான். அப்போது சஷ்டிகா, இடுப்பிலிருந்தபடியே, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்: "அப்பா, நீ எறியாத. உனக்கு வரலை. வேற யாராச்சும் எறியட்டும்." காலேஜ் பையன்கள் விசிலடித்தார்கள். "பாப்பா சொல்றது நியாயந்தானண்ணே," என்றார் கடைக்காரர். "வேற யாருடா இருக்கா நம்மகிட்ட?" என்று ரத்தினவேல் பொய்யாக அக்கம்பக்கம் தேடினான்.

"நான் எறியிறேன்," என்றாள் சங்கரேஸ்வரி.

அவளுக்கே கேட்டது, யாரோ பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி. அன்றைக்குச் செருப்பு மாட்டும்போது எப்படி வாய் தானாகச் சொன்னதோ அதே மாதிரி. ரத்தினவேல் சிரிப்பை நிறுத்தினான். "விளையாடாத சங்கரி. டாக்டர் எறியக் கூடாதுன்னாருல்ல?"

"சொல்லலை."

"என்ன சொல்லலை?"

"அவரு அப்படிச் சொல்லவே இல்லைங்க. நான்தான் சொன்னேன்."

அவன் அவளைப் பார்த்தான். பேப்பர் கட்டை மிஷினில் வைப்பதற்கு முன்னால் ஓரம் நேராக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பான், அப்படி. ஏன் என்று கேட்கப்போகிறான், கேட்டால் இத்தனை பேர் முன்னால் என்ன சொல்வது என்று அவள் பதில் தேடினாள். பின்னால் யாரோ, "அக்கா, எறியிறீங்களா, இல்ல பஞ்சாயத்து நடத்துறீங்களா?" என்றான். ரத்தினவேல் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினான். "சரி, இவளைக் குடு."

பிள்ளை போனதும் இடுப்பு லேசாகி, நிற்கிற நிலை மாறிப்போனது. கையில் பந்து; ரப்பர் பந்து, வழுவழு என்று. இரண்டு விரலும் தையலைத் தேடின, இல்லாத தையலைத் தேடித் தேடி ஒரு இடத்தில் நின்றன. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஜன்னல் எங்கே? அதோ. இடது கால் தூக்கும்போது சேலை தடுக்குமோ என்று ஒரு நினைப்பு, அவ்வளவு கூட்டத்திலும் கூட்டமே இல்லாத ஒரு நொடி, கடைசியாக இழுப்பறை திறக்குமா என்று ஒரு பயம், அதற்குள் கை போய்விட்டது. பந்து டம்ளருக்கு மேலே, ஒரு முழம் மேலே, நீலப் படுதாவின் தையலைப் பிளந்துகொண்டு அந்தப்பக்கம் போயிற்று. "எவன்டா அவன்!" என்று ஒரு கத்தல் வந்தது. படுதாவின் கிழிசல் வழியே, தலையில் பஞ்சு மிட்டாய் ஒட்டிய ஒரு முகம் எட்டிப்பார்த்தது. கூட்டம் வெடித்தது. "அக்கா, கரடி கீழே இருக்குக்கா, நீங்க நிலாவுக்கு விடுறீங்க!" சங்கரேஸ்வரி அதைக் கேட்கவில்லை. தோளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தோள் இருந்த இடத்தில் இருந்தது. வலி இல்லை. கை பழைய கை இல்லை, அதுவும் தெரிந்தது. விரல் ஒரு நொடி பிந்தித்தான் பந்தை விட்டது, பழைய சாட்டையடி இல்லை, மடிப்பில் கொஞ்சம் விட்டுத்தான் இருக்கிறது. ஆறு வருஷம் எதைப் பார்த்துப் பயந்தாளோ அது இதுதான். வந்துவிட்டது. வந்து பக்கத்தில் நிற்கிறது, இவ்வளவு சின்னதாக. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பலகையில் ஒரு தப்பு எழுதியாயிற்று, அடுத்த பந்தைக் கொடு.

இரண்டாவது பந்துக்கு அவள் யோசிக்கவே இல்லை. அதன் சத்தம் மட்டும்தான் எல்லோருக்கும் தெரிந்தது. கோயில் மணியைக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம், டம்ளர்கள் மேஜைக்கடியில், பலகைக்குப் பின்னால், ஒன்று வரிசையில் நிற்கிறவர்கள் காலடியில் என்று உருண்டன. ஐந்து. ஆறாவது, கீழ்வரிசையின் இடது ஓரத்து டம்ளர், பந்து அதன் இடுப்பிலும் பட்டுத்தான் போனது, இம்மியும் அசையாமல் நின்றது. காலேஜ் பையன்கள் மேஜையைத் தட்டினார்கள். "அக்கா, யாருக்கா நீங்க?" ரத்தினவேல், தோளில் பிள்ளையோடு, "அடிப்பாவி" என்றான், மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கல்யாணமானதிலிருந்து அவன் இத்தனை ஆசையாக அவளைத் திட்டினதில்லை. சஷ்டிகா அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "அது எங்கம்மா, அது எங்கம்மா" என்று பின்னால் நிற்கிற ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சங்கரேஸ்வரி நின்றுகொண்டிருந்த அந்த ஒற்றை டம்ளரையே பார்த்தாள். அலுமினியம் அப்படி நிற்காது. ஒரு வீட்டு டம்ளர் அப்படி நிற்காது. உள்ளே கனமாக என்னவோ இருக்கிறது. அவள் பார்ப்பதைக் கடைக்காரர் பார்த்தார். மைக்கை அணைத்தார். கயிற்றிலிருந்து மஞ்சள் கரடியை அவசரமாக அவிழ்த்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தார், மூன்றாவது பந்து இன்னொரு கையில்.

"தங்கச்சி," என்றார், குரலைத் தாழ்த்தி, "அஞ்சு விழுந்தா ஆறு விழுந்த மாதிரிதான். கரடியைப் பிடிங்க. சனங்க நிக்குது, அது மேல இன்னொண்ணு எறியாதீங்கம்மா, பொழப்பு."

அவர் சொன்னது அவளுக்கு விளங்கியது. பாவமாகவும் இருந்தது. ஆனால் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் சூடு ஓடிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வேர்த்துப் பந்துக்காகத் திறந்திருந்தது, பன்னிரண்டரை அடியில் ஜன்னல் பளிச்சென்று தெரிந்தது.

"கரடியைப் பாப்பாகிட்டக் குடுங்கண்ணே. அந்த டம்ளரை வேணும்னா மாத்திக்கோங்க," என்றாள். "பந்தை மட்டும் என்கிட்டக் குடுங்க."